உழைப்பாளர் சிலையும் ரோதான் என்னும் எளிய விடையும்

சென்னை மெரினா கடற்கரையில், சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எதிரே, 1959ஆம் ஆண்டு குடியரசு நாளையொட்டி நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகின்றன. தேவிபிரசாத் ராய் சௌத்ரி (1899-1975) என்னும் வங்கக் கலைஞர் வடித்தது என்பது ஒன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் தாக்கம் பெற்றது என்பது மற்றொன்று. முன்னது தகவல். பின்னது தகவலின் தோற்றத்தில் வரும் தீர்ப்பு. அத்தீர்ப்பு வழங்கப்பட்டவுடன் சிலையைப் பற்றிக் கேட்கப்பட வேண்டிய பிற வினாக்கள் கேட்கப்படாமலேயே முடித்துவைக்கப்படுகின்றன. இந்த விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பதே இக்கட்டுரையின் வினா. வினா எழுப்பப்படும் இடம் கடலுக்குத் தொலைவிலுள்ள கோலார் தங்கவயல். அதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

ரோதானின் பெயரைக் கையாள்வோர் இரு திறத்தர். முதல் திறத்தார்க்கு அது பெருமைச் சான்றிதழ்: சென்னைக் கடற்கரையிலும் உலகத் தரத்தில் ஒரு சிற்பம் உண்டு என்பதற்குப் பாரிசிலிருந்து பெற்ற முத்திரை. இரண்டாம் திறத்தார்க்கு அதே பெயர் குற்றச்சாட்டு. மாமல்லபுரத்துப் பாறைப் புடைப்புகளையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் ஈன்ற மண்ணில் அயலார் உடற்கூற்றைக் கொணர்ந்து நட்டுவிட்டனர் என்பது அவர்தம் குறை. பாராட்டும் பழிப்பும் எதிரெதிர்த் திசையில் செல்வன போலத் தோன்றினும் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைப்பவை. ஒரு படைப்பின் பொருள் அதன் மூலத்தில் ஒளிந்திருக்கிறது. மூலத்தைச் சுட்டிவிட்டால் ஆய்வு நிறைவுற்றது என்பதே அந்நம்பிக்கை.

இது கலைத்திறனாய்வார்க்கு மட்டும் உரிய குறையன்று. தமிழ்த்துறைகளின் ஒப்பிலக்கிய ஆய்வேடுகள் பலவும் இன்னாரிடம் இன்னாரின் தாக்கம் என்னும் வாய்பாட்டிலேயே தலைப்புப் பெறுகின்றன. இரு பெயர்களை மட்டும் மாற்றினால் புதிய ஆய்வேடு ஒன்று கிடைத்துவிடும். புதுமைப்பித்தன் கதைகளில் மாப்பசானின் தழுவல் எவை என்ற வழக்கு எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தொ.மு.சி. ரகுநாதன் 1999இல் அவ்வழக்கிற்கு மறுமொழியாக ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. தழுவலா, தழுவல் அன்றா என்று தரம்பிரித்தவர்களுள் எத்தனை பேர், பிரெஞ்சு நாட்டுக் கதையொன்று தமிழ்ச்சூழலுக்குள் வந்து சேரும்போது அதன் சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்தனர்? உழைப்பாளர் சிலைக்கு நேர்ந்ததும் இதுவே.

பயிற்சியின் வழித்தடம்

முதற்கண், ஐரோப்பியத் தாக்கம் என்பதே இல்லை என மறுப்பது இங்கு நோக்கமன்று. மறுக்கவும் இயலாது. ஆனால் அத்தாக்கம் வந்துசேர்ந்த வழி, சொல்லப்படுவது போல் பாரிசிலிருந்து மெரினாவிற்கு இழுக்கப்பட்ட ஒரு நேர்க்கோடன்று. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது சென்னைக் கலைப்பள்ளி. 1884இல் அதன் பொறுப்பேற்ற இ.பி. ஹாவெல் பின்னர் 1896இல் கல்கத்தாவிற்குச் சென்றார். கிரேக்க வார்ப்புகளைப் பார்த்துப் படியெடுக்கும் பாடத்திட்டத்தை விடுத்து இந்திய ஓவிய மரபை நோக்குமாறு அங்கே வற்புறுத்தியவர் இந்த ஆங்கிலேயரே. அவரோடு இணைந்து பணியாற்றியவர் அவனீந்திரநாத் தாகூர். அந்த அவனீந்திரநாத்தின் மாணவராகவே ராய் சௌத்ரி ஓவியம் பயின்றார். ஆக, சுதேசியம் எனப் போற்றப்படும் வங்க ஓவிய இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஓர் ஐரோப்பியர் நிற்கிறார். அவ்வியக்கத்தின் அடையாளமாகிய நீர்வண்ணக் கழுவல் முறையோ 1903இல் கல்கத்தா வந்த யொகொயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர்களின் தொடர்பால் உருப்பெற்றது. அகத்தது எது, புறத்தது எது என்று கோடு கிழிக்க விரும்புவோர்க்கு இவ்வரலாறு உதவாது.

ராய் சௌத்ரி ஓவியராகத் தொடங்கிப் பின்னர் ஹிரண்மய் ராய்சௌத்ரியிடம் சிற்பம் பயின்றவர். 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கிருந்தார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் அவரிடம் பயின்றோருள் அடங்குவர். திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிவிப்பைப் புடைப்புச் சிற்பமாக வடித்தவரும், 1942இல் உயிர்நீத்த மாணவர் எழுவருக்குப் பாட்னாவில் அமைந்த நினைவுச்சின்னத்தை உருவாக்கியவரும் அவரே. இன்னொரு செய்தியும் உண்டு. திறனாய்வாளர் அதனைச் சுவையான துணுக்காக மட்டும் குறித்துச் செல்வது வழக்கம். அவர் மற்போர் பயின்றவர். எதிரியின் எடையைத் தன் தோளிலும் தொடையிலும் வாங்கி அறிந்த ஒருவர், தோளும் தொடையும் சுமையின்கீழ் எவ்வாறு திரளும் என்பதை அறிய ரோதானின் நிழற்படத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது விந்தையான ஊகம்.

எந்த ஐரோப்பா?

ரோதானின் பெயரைச் சொல்வோர் அவருடைய எப்படைப்பை எண்ணிச் சொல்கின்றனர் என்பது தெளிவாக இல்லை. பல உருவங்கள் கொண்ட குழுச்சிற்பம் என்ற நிலையில் ஒப்பிடத்தக்கது காலே நகரக் குடிமக்கள் (1889) என்னும் படைப்பேயாகும். முற்றுகையிட்ட ஆங்கில மன்னனிடம் தம் உயிரை ஒப்படைக்கச் செல்லும் அறுவர் அதில் உள்ளனர். வெண்கலத்தின் மேற்பரப்பை வழவழப்பாக்காமல் மேடுபள்ளமாக விட்டு ஒளியைச் சிதறச் செய்தல், நரம்பும் தசையும் மிகைபடக் காட்டல் ஆகிய இரண்டும் ரோதானிடமும் ராய் சௌத்ரியிடமும் உள்ள பொதுக்கூறுகள். இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கதே.

ஆயின் இவ்விரு குழுக்களின் அமைப்பைச் சற்றே நின்று நோக்கினால் வேறுபாடு புலனாகும். காலே நகரத்தார் அறுவரும் அறுவகைத் தனிமையில் நிற்கின்றனர். ஒருவர் துயரத்தில் மற்றவர்க்குப் பங்கில்லை. சாவு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே வருகிறது. மெரினாவிலோ நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். நால்வர் உடலின் விசையும் ஒரு திசையில் குவிகிறது. ஒருவரை நீக்கினால் மற்ற மூவரின் நிலையும் பொருளற்றதாகிவிடும். ஒருவர் உடல் மற்றவர் உடலுக்கு விடையாக அமைவது ரோதானின் இலக்கணத்தில் இல்லை. அதனை இவர் எங்கிருந்தேனும் பெற்றிருக்க வேண்டும் எனின், பெற்ற இடம் கலைக்கூடமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கல்லேற்றும் இடத்திலும் படகு தள்ளும் கரையிலும் அன்றாடம் காணக்கூடிய காட்சி அது. மெரினாவிற்கு மிக அண்மையிலேயே கட்டுமரங்களைக் கரையேற்றும் பரதவர் இருந்தனர்.

ஐரோப்பாவைத்தான் காட்ட வேண்டும் எனில், காட்டத்தக்கவர் வேறொருவர். பெல்ஜிய நாட்டுக் கான்ஸ்தாந்தின் மெனியே (1831-1905) பெயர் தமிழ்த் திறனாய்வில் அரிதாகவே காணக்கிடக்கிறது. ஓவியராக நெடுங்காலம் இருந்த இவர் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியைக் கண்ட பின்னர் தொழிலாளரையே தம் கலைப்பொருளாகக் கொண்டு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் சிற்பத்திற்குத் திரும்பியவர். துறைமுகச் சுமைதூக்குவோரையும் உருக்காலைத் தொழிலாளரையும் வெண்கலத்தில் நிறுத்தினார். 1889இல் அவர் படைத்த சிற்பமொன்றில், சுரங்க வெடிப்பில் மாண்ட மகனின் உடல்மீது தாய் குனிந்து நிற்கிறாள். உழைப்பின் நினைவுச்சின்னம் என அவர் திட்டமிட்ட பெரும்படைப்பு அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1930இல், பிரசல்சு நகரின் லேக்கன் பகுதியில் நிறுவப்பெற்றது. ராய் சௌத்ரி மெனியேயின் படைப்புகளைக் கண்டிருந்தார் என்பது இங்கு வாதமன்று. பொருளால் நெருங்கிய ஒருவரை விடுத்துப் புகழால் பெரிய ஒருவரைத் திறனாய்வு தேர்ந்துகொண்டது ஏன் என்பதே வினா. பொருளை நோக்கியிருந்தால் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கும். ரோதானின் பெயரோ பாணியைப் பற்றி மட்டும் பேசி விடைபெற இடமளித்தது.

மெனியேயோடு ஒப்பிடும்போதும் மெரினாச் சிலை தனித்தே நிற்கிறது. மெனியேயின் தொழிலாளி பெரும்பாலும் ஓய்வில் இருப்பவன். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்பவன். அவனது மாண்பு வேலை நின்ற கணத்தில் வெளிப்படுகிறது. ராய் சௌத்ரியின் நால்வர்க்கு நிமிர வாய்ப்பில்லை. வேலை முடியவில்லை, பாறை பெயர்ந்ததாகவும் தெரியவில்லை.

தங்கவயலிலிருந்து ஒரு பார்வை

கோலார் தங்கவயலை இங்குக் கொணர்வதற்குக் காரணம் இந்தப் பாறையே. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அகழ்வுப் பணியைத் தொடங்கிய காலந்தொட்டு 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, பாறையோடு உடல் மோதிய தமிழரின் பெருந்தொகுதி இங்கு வாழ்ந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் அதனையடுத்த பகுதிகளிலிருந்தும் வந்த இவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கியவர்கள். அரைத்த கல்லிலிருந்து சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பொடியே இன்றும் ஊரைச் சூழ்ந்து குன்றுகளாக நிற்கும் சயனைடு மேடுகள். கடற்கரை மணலை ஒத்த நுண்பொடி. காற்று வீசினால் வீட்டுக்குள் வந்து படிவது. அண்மைத் திரைப்படங்கள் சிலவற்றால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவியுள்ளது. 2024இல் வந்த தங்கலான் நீங்கலாக அவற்றுள் இம்மக்களின் வரலாற்றைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர்.

இவ்வூரில் நின்று மெரினாச் சிலையை எண்ணிப் பார்ப்பவர்க்கு முதலில் தோன்றுவது ரோதானன்று. நால்வர்க்கும் மேலே வானம் இருக்கிறது என்பதே முதலில் தோன்றும். சுரங்கத்தில் பாறையைப் புறத்தே நின்று நெம்புவதில்லை; பாறைக்குள்ளேயே நிற்க வேண்டும். துளையிட்டு, வெடிவைத்து, உதிர்ந்ததை வண்டியிலேற்றுவது அங்குள்ள வேலை. ஆழத்தில் காற்றைக் குளிர்வித்துச் செலுத்தாமல் பணி நடவாது. பாறை தானே அழுத்தம் தாங்காது வெடித்து ஆட்களைக் கொல்வதுண்டு. தப்பியவர்க்கு நுரையீரலில் கல்துகள் படியும் நோய். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்னாற்றல் இங்கு வந்து எந்திரங்களை இயக்கிற்று. அவ்வாறிருக்க, அரை நூற்றாண்டுக்குப் பின் வடிக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையில் எந்திரம் எதுவுமில்லை. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் இயங்கத் தொடங்கிவிட்டது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் தொழிலாளிக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய கலைஞர், தொழிற்சாலைக் கருவி எதனையும் கையில் தராமல் கழியையும் பாறையையும் தந்தார். தற்செயலான ஒன்றன்று இது, தேர்வு. அத்தேர்வு சரியா, பிழையா என்று வாதிடலாம். எந்திரத்தையும் முதலாளியையும் நீக்கிவிட்டு, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டமாக உழைப்பைச் சுருக்கிய அரசுச் சார்பு அதில் உண்டு என்றும் கூறலாம். தாக்கம் தேடியோர் இவ்வாதத்தின் வாயிலைக்கூட எட்டவில்லை.

தங்கவயலில் உழைப்பாளர்க்கு எதிரே நின்றது பாறை மட்டுமன்று. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். காலே நகரத்தார் அறுவரை ஐரோப்பியக் கலைவரலாற்று நூல்களில் படித்து ஆய்வேட்டில் எழுதுவோர்க்கு இவ்வறுவரைப் பற்றித் தெரியாதிருப்பது வியப்பன்று; வருத்தத்திற்குரியது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ஒரு பைசாத் தமிழனைப் படித்தும் பொருளுதவியும் வாழவைத்தோருள் இவ்வூரார் முதன்மையானவர்கள். 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே தமிழன் இதழை மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை நூல்கள் வெளியிட்டது. தம்மைப் பற்றித் தாமே எழுதிய தொழிலாளர் கூட்டம் தமிழில் இருந்தது. மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தமையால் தமிழகக் கலை, இலக்கிய வரலாற்றின் கணக்கிற்கு அது நெடுங்காலம் வரவில்லை.

வெற்றி என்னும் சொல் மறைந்தது

சிலைக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயரின் பொருள் உழைப்பின் வெற்றி என்பதாகும். தமிழ் மக்கள் அதனை அவ்வாறு வழங்கவில்லை. உழைப்பாளர் சிலை என்றே பேருந்து நடத்துநர் முதல் பேராசிரியர் வரை அனைவரும் கூறுகின்றனர். உழைப்பு என்னும் பண்புப்பெயர் உழைப்பாளர் என்னும் உயர்திணைப் பெயராயிற்று. வெற்றி என்பது முற்றிலும் நீங்கிற்று. பெயர் வைத்த குழு எதுவெனத் தேடுவது வீண்வேலை. பாறை பெயராத சிலையைப் பார்த்தவர்கள் அதற்கு வெற்றி என்று பெயர் சொல்லத் தயங்கினர் என்று கொள்வது மிகையாகாது. திறனாய்வாளர் காணாததை வழக்கு கண்டிருக்கிறது. மரபிலக்கணத்தில் வழக்கிற்கு உள்ள இடத்தை அறிந்த தமிழ்த்துறையினர், ஓர் ஐரோப்பியப் பெயரைத் தேடிய முனைப்பில் இதனைக் கண்டுகொள்ளவில்லை.

தமிழ் இலக்கண மரபின்படி நோக்கினும் இச்சிலை எளிதில் அடங்குவதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் களங்களாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றைக் கொள்கிறார். உழைப்பு அவற்றுள் இல்லை. உடலுழைப்போடு ஒட்டிய வருத்தத்தையோ அவர் முதுமை, நோய் முதலியவற்றோடு சேர்த்து இளிவரலில் வைக்கிறார். அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோர். அம்மரபில் ஊறிய கண்ணுக்கு, வருந்தும் உடலே பெருமிதத்தின் களமாக நெய்தல் நிலத்தில் உயர்ந்த பீடத்தின்மேல் நிற்பது பெருமாற்றம். ரோதானிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் இம்மாற்றத்தைத் தமிழ் மரபோடு பொருத்திக் காணும் பொறுப்பிலிருந்து விடுபடலாம். அந்த விடுதலையே மேற்கூறிய எளிய விடையின் உண்மையான பயன்.

இடத்தையும் மறத்தலாகாது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இரு கூட்டங்களாக நடத்தினார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில். கடலோர மக்களிடையே பிறந்தவர் அவர். சிலைக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்னரே இக்கரை உழைப்பாளர் கூடுமிடமாகிவிட்டது. வெண்கலத்தின் வார்ப்புமுறை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அது வந்து நின்ற மணலில் முன்னமே யார் நின்றிருந்தனர் என்பதே சிலையின் பொருளை விளக்க வல்லது.

இவ்வாறு கூறுவதால் சிலை குறையற்றது என்றாகிவிடாது. அதன் பெருங்குறையையும் தாக்க ஆய்வு கண்டதில்லை. ராம்கிங்கர் பைஜ் 1938இல் சாந்திநிகேதனில் சிமெண்டும் செம்மண் சரளையும் கொண்டு சந்தால் குடும்பத்தை வடித்தார். அதில் ஆணோடு பெண்ணும் குழந்தையும் உண்டு. 1956இல் அவர் வடித்த ஆலைச்சங்குச் சிற்பத்தில் வேலைக்கு விரைவோர் பெண்களே. மூன்றாண்டுகள் கழித்து மெரினாவில் நிறுவப்பெற்ற சிலையில் நால்வரும் ஆடவர். கல்லும் மணலும் சுமந்து சென்னை நகரைக் கட்டிய சித்தாள் அங்கு இல்லை. அவளுக்கு இடமில்லாமற் போனது மற்போர் பயின்ற கலைஞரின் உடற்பார்வையாலா, பணியை ஒப்படைத்த அரசின் கருத்தாலா, வெண்கல நினைவுச்சின்னம் என்னும் ஐரோப்பிய வடிவத்தோடு வந்த ஆண்மைக் கோட்பாட்டாலா என்பது ஆராயத்தக்கது. ஐரோப்பியத் தாக்கத்தைப் பற்றிப் பேச உண்மையிலேயே இடமுள்ள வினா இது. மேற்கூறிய இரு திறத்தாருள் எவரும் இதனை இதுகாறும் எழுப்பவில்லை.